கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பி வந்த ஆண்டு

மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஒன்றரை லட்சம் டாலர். நாகர்கோவிலில் பிறந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனிடம் அமெரிக்காவின் ஜாக் கிராமர் பேசிய தொகை இது. கையெழுத்துப் போட்டால் கிராமரின் தொழில்முறைக் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடலாம். ஆனால் விம்பிள்டன் வாசலை மிதிக்க முடியாது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடவும் முடியாது. கிருஷ்ணன் வேண்டாம் என்றுவிட்டார். 1966-இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிவரை கொண்டுபோனபோதும் அவர் அமெச்சூர்தான்.

அமெச்சூர் என்றால் காசு வாங்காதவர் என்பது ஏட்டுக் கணக்கு. பயணப்படி, செலவுத்தொகை என்ற பெயர்களில் கவர்கள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. வெளிப்படையாக வாங்கியவர்களைத்தான் சங்கங்கள் ஒதுக்கிவைத்தன.

ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் அப்படி ஒதுக்கப்பட்டவர். 1953-இல், பதினெட்டு வயதில், பாரிஸின் ரோலண்ட் காரோஸில் பிரெஞ்சுப் பட்டம் வென்றார். நான்கு ஆண்டுக்குள் கிராமர் பக்கம் போனார், கதவு சாத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 1958 முதல் சில ஆண்டுகள் தொழில்முறையாளர்களின் தனிப் போட்டியும் அதே ரோலண்ட் காரோஸில்தான் நடந்தது. அதில் ரோஸ்வால் திரும்பத் திரும்ப ஜெயித்தார். மண் தீட்டுப் பார்க்கவில்லை, சங்கம்தான் பார்த்தது.

மண் என்றும் களிமண் என்றும் நாம் சொன்னாலும் ரோலண்ட் காரோஸ் தரையின் அந்தச் சிவப்பு, செங்கல் தூள்தான். நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதுதான். இடித்த சுண்ணாம்புக்கல் படுகைமேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குத் தூவுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு, மெல்லிய மேல்தரை எவ்வளவு வேலை வாங்கும் என்பது தெரியும். செங்கல் தூள் தரையில் பந்து வேகம் குறைந்து எழும்பும். ஓங்கி அடிப்பவரைவிடப் பொறுமையாகத் திருப்பி அடிப்பவருக்கு ஏற்ற இடம்.

1968 மார்ச் 30 அன்று பாரிஸில் கூடிய சர்வதேச டென்னிஸ் சங்கம், இரு தரப்பும் சேர்ந்து ஆட வழிவிட்டது. ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத்தில் வெள்ளோட்டம். அதுவும் மண் தரைதான், ஆங்கிலேயர்கள் அதைக் 'கடினத் தரை' என்று அழைத்தாலும். இறுதி ஆட்டத்தில், இன்னொரு தொழில்முறையாளரான ராட் லேவரை ரோஸ்வால் தோற்கடித்தார்.

மே மாதம் பாரிஸ் முறை. அப்போது பிரான்ஸே நின்றுபோயிருந்தது. மாணவர் கிளர்ச்சி, தொழிலாளர் வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை. வெளிநாட்டு வீரர்கள் பக்கத்து நாடுகளில் இறங்கிச் சாலை வழியே வந்து சேர்ந்தார்கள். வேலைக்குப் போகாத பாரிஸ் மக்களோ மைதானத்தை நிறைத்தார்கள்! ஜூன் 9-இல் இறுதி ஆட்டம்: மறுபடியும் லேவர், மறுபடியும் ரோஸ்வாலுக்கே வெற்றி, 6-3, 6-1, 2-6, 6-2. முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்.

பெண்கள் பிரிவில் பழைய வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கோப்பை நான்சி ரிச்சிக்கு. அவர் அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் இல்லை. அவரிடம் தோற்ற ஆன் ஜோன்ஸ் தொழில்முறையாளர்.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-இல் அதே பாரிஸில் சிறுவர் பட்டம் வென்றார். தந்தை முன் நின்ற கேள்வி அவருக்கு வரவேயில்லை. தொழில்முறையாளராகவே இந்தியாவுக்கும் ஆடி, 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனார். கோதன்பர்க்கில், ஸ்வீடன்காரர்கள் போட்டுவைத்த மண் தரையில், இந்தியா 5-0 எனத் தோற்றது.