நாட்பட்ட நுரையீரல் நோயில் ஆக்சிஜன் தேவையை அறிதல்

நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவருக்கு வீட்டில் ஆக்சிஜன் வேண்டுமா என்பதை, அவருக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பும் குடும்பங்கள் ஏராளம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் தேங்கி, நெஞ்சுக்கூட்டை விரிந்தபடியே வைத்திருக்கிறது. அந்நிலையில் சுவாசத் தசைகள் படும் பாடுதான் பெரும்பாலும் இளைப்பாக உணரப்படுகிறது. அதனால் 95 சதவீத ஆக்சிஜன் செறிவு உள்ளவர் மாடிப்படியில் திணறலாம். ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்து 85 சதவீதத்துக்கு வந்துவிட்டவர் நிதானமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் தேவைப்படுபவர் இந்த இரண்டாமவரே.

குறைபாடு முற்றும்போது தெரியும் அறிகுறிகளைக் கூட இருப்பவர்களே பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள்: மறதி, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம், வழக்கமான வேலைக்கே சோர்வு. கணுக்கால் வீக்கம் முக்கியமான அறிகுறி. ஆக்சிஜன் குறையும் இடங்களில் நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை கூடுகிறது. அது தளரும்போது கால்களில் நீர் கோக்கிறது. காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவை கரியமில வாயு தேங்குவதையும் காட்டலாம். உதடு நீலம் பாரிப்பதை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்த பிறகே நீலம் கண்ணுக்குத் தெரியும். இரத்தசோகை உள்ளவரிடம் அது தெரியாமலே போகலாம். மாநிறத்தவரிடமும் கறுத்த தோலினரிடமும் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். விரல்நுனி மட்டும் நீலமானால் அது குளிராகவும் இருக்கலாம். விரல்நுனி பருத்து நகம் வளைவது சி.ஓ.பி.டி.யின் அடையாளமல்ல, அப்படி இருந்தால் நுரையீரல் புற்றுநோய், தழும்பு நோய் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படைக் கோட்பாட்டை 1970களில் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. கொரோனா காலத்தில் வீடுகளுக்குள் வந்த இந்தக் கருவி பயனுள்ளதுதான், ஆனால் தீர்ப்புச் சொல்லும் கருவியல்ல. குளிர்ந்த கை, அசைவு, நகப்பூச்சு, கறுப்பு மருதாணி ஆகியவை அதைக் குழப்பும். புகைப்பவரின் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் இது 4 சதவீதத்துக்கும் குறைவு. தோல் நிறம் அளவைப் பாதிக்கலாம் என்பதால், தமிழ் வாசகர்கள் அலட்சியம் செய்யக்கூடிய தகவல் அல்ல இது. ஓய்வில் உட்கார்ந்து, அளவு நிலைத்த பின் படிக்க வேண்டும். பல முறை பார்த்தும் 92 அல்லது அதற்குக் கீழேயே இருந்தால் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் வாயுப் பரிசோதனை அடுத்த படி.

நோய் தணிந்திருக்கும் காலத்தில், ஓய்வில், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது தமனி ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே, அல்லது செறிவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நீண்டகால ஆக்சிஜன் தேவை. அழுத்தம் 56 முதல் 59 வரை இருந்தாலும், வலப்பக்க இதயத் தளர்ச்சியோ சிவப்பணுப் பெருக்கமோ இருந்தால் தேவையே. மூன்று வார இடைவெளியில் இரண்டாம் முறையும் அளந்து உறுதி செய்வது வழக்கம். இந்த வரம்புகளுக்கு ஆதாரம் இரண்டு பழைய ஆய்வுகள். 1981-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்தாண்டுக்குள் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வில், இரவில் மட்டும் பெற்றவர்களிடையே இறப்பு, ஏறக்குறைய நாள் முழுதும் பெற்றவர்களைப் போல இரு மடங்கு. இளைப்பு வரும்போது மட்டும் பத்து நிமிடம் குழாயை மாட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்த ஆய்வுகளில் ஆதரவு இல்லை.

செறிவு ஓரளவே குறைந்தவர்களின் கதை வேறு. ஓய்வில் 89 முதல் 93 வரை உள்ளவர்களையும் நடக்கும்போது மட்டும் குறைபவர்களையும் சேர்த்து, 738 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆக்சிஜன் அவர்களின் ஆயுளை நீட்டவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையையும் குறைக்கவில்லை. நுரையீரல் தழும்பு நோயில் ஓய்வில் 96 இருந்தும் சில நிமிட நடையில் எண்பதுகளுக்கு இறங்குவது சாதாரணம். அதனால் அந்நோய் உள்ளவர்களுக்கு உட்கார வைத்து எடுத்த அளவு போதாது. ஆறு நிமிட நடைச் சோதனை வேண்டும். விமானப் பயணத்துக்கு முன்பும் மதிப்பீடு தேவை. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். அது ஊட்டியைவிடச் சற்றே கூடுதலான உயரம்.

தேவை உறுதியானாலும் அளவு மருத்துவர் சொன்னபடிதான். கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம். நூறைத் தொடவைக்கும் ஆசையில் வீட்டார் அளவைக் கூட்டினால், வாயு மேலும் தேங்கி நோயாளி அயர்ந்து நினைவிழக்கக்கூடும். ஓய்விலும் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, திடீர்க் குழப்பம், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் ஆகியவை இருந்தால் வீட்டில் அளந்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நோய் திடீரெனத் தீவிரமான நாட்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஆக்சிஜனுடன் வீடு திரும்பியவர்களை 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி அளக்க வேண்டும். பலருக்கு அதற்குள் ஆக்சிஜன் தேவையே இல்லாமல் போயிருக்கும்.