எல்லை கடக்கும் பார்வையாளர்: பெருந்திரை, வீட்டுத்திரை, நாஞ்சில் நாட்டுக் கொட்டகை

நாஞ்சில் நாட்டாருக்குத் திரைப்படம் என்பது தொடக்கம் முதலே ஓரளவு பயணத்தோடு சேர்ந்த விஷயமாக இருந்து வந்திருக்கிறது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் நிலத்தின் பகுதிகள். வழக்கு, படிப்பு, வைத்தியம் எதுவானாலும் திருவனந்தபுரம்தான் தலைநகர். மொழியோ தமிழ், பாட்டும் நாடகமும் மதுரை, சென்னைப் பக்கம் பார்த்தவை. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பெனி வழியாகச் சென்னைத் திரையுலகுக்குப் போனார். அகஸ்தீஸ்வரத்தோடு பிணைந்த வாழ்வுடைய ஜே.சி.டானியலோ திருவனந்தபுரத்துக்குச் சென்று, தம் நிலத்தை விற்றுப் படமெடுத்தார். அவருடைய 'விகதகுமாரன்' முதல் மலையாளத் திரைப்படம். 1928 என்றும் 1930 என்றும் இருவேறாகச் சொல்லப்படும் ஓர் ஆண்டில், அது திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. நாயர் பெண்ணாக ஒரு தலித் பெண், பி.கே.ரோஸி, நடித்ததைப் பொறாத கூட்டம் திரை மீது கல்லெறிந்தது. டானியல் அனைத்தையும் இழந்து 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே மறைந்தார்.

அந்தப் பழைய சாலை இன்று வேறொரு காரணத்துக்காகப் பயன்படுகிறது. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் லுலு மாலில் பன்னிரண்டு திரைகள் கொண்ட அரங்கத் தொகுதி திறக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று ஐமேக்ஸ். சென்னை ஐமேக்ஸுக்கு நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரத்துக்கு எழுபதுக்குள். ஆக, தமிழகத்தின் தென்கோடி மாவட்டத்துக்காரர் ஒரு பெரும்படத்தை அதற்குரிய பெருந்திரையில் காண விரும்பினால் மாநில எல்லையைக் கடப்பதே எளிது. மறுபுறம், அதே படம் நான்கு வாரம் பொறுத்தால் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது உள்ளூர்த் திரையரங்கு. பெருந்திரையும் வீட்டுத்திரையும் பெரும்படங்களின் வசூலை எவ்வாறு மாற்றியுள்ளன என்பதை இந்த நடுவிலிருந்து பார்ப்பதே நம் நோக்கம்.

பழைய போட்டி

வீட்டுத்திரை வளரும்போது அரங்கத் திரையும் வளர்வது புதிதன்று. அமெரிக்காவில் 1946-இல் வாரந்தோறும் எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் திரையரங்கு சென்றனர். தொலைக்காட்சி பரவிய அடுத்த பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகியது. அதற்கு ஸ்டூடியோக்கள் அளித்த விடை அகலம். 1952-இல் சினிராமா, 1953-இல் 'தி ரோப்' வழியாகச் சினிமாஸ்கோப், 1955-இல் 'ஓக்லஹோமா' வழியாக 70 எம்.எம். டாட்-ஏஓ என வரிசையாக வந்தன. வீட்டில் கிடைக்காத ஒன்றை அரங்கு தரவேண்டும் என்பதே அன்றைய சூத்திரம். இன்றைய ஐமேக்ஸின் சூத்திரமும் அதுவே.

தமிழகத்தில் இதே கதை சற்றே தாமதமாக நடந்தது. சினிமாஸ்கோப்பில் வந்த முதல் தமிழ்ப்படம் 'ராஜராஜ சோழன்', 1973. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1980-களில் வி.சி.ஆர். வந்து, வாடகைக் கேஸட் தெருவுக்குத் தெரு கிடைத்தது. அதே பத்தாண்டில்தான் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) கேரளத்திலிருந்து வந்தது; முதல் தமிழ் 70 எம்.எம். படமான 'மாவீரன்' 1986-இல் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிச் செயற்கைக்கோள் காலம் பிறந்தது. அரங்குகள் ஒலியின் பக்கம் திரும்பின. 1995-இன் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. 2012 டிசம்பர் 12-இல் வெளியான 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸ் ஒலியில் வந்த முதல் இந்தியப் படம்.

ஒவ்வொரு சுற்றிலும் திரைப்படம் பிழைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் சில கொட்டகைகள் பிழைக்கவில்லை. டூரிங் டாக்கீஸ்கள் முதலில் போயின. அடுத்து, பழைய படங்களையே நம்பியிருந்த மூன்றாம் சுற்று அரங்குகள் கல்யாண மண்டபங்களாயின, கிடங்குகளாயின. தமிழகத்தில் இப்போது இயங்கும் திரைகள் ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே. புதிய தொழில்நுட்பத்தின் செலவைத் தாங்குபவர் நிலைக்க, தாங்காதவர் விலகுவதுதான் இத்தொழிலின் எழுதப்படாத விதி.

ஏணி சரிந்த விதம்

தமிழ்த் திரை வணிகத்தில் மாநிலம் பல 'ஏரியா'க்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம் என நீளும் அப்பட்டியலில் கடைசியாக வருவது 'டி.கே.' எனப்படும் திருநெல்வேலி-கன்னியாகுமரி. அளவிலும் விலையிலும் அது சிறியது. படச்சுருள் காலத்தில் பிரதிகள் கணக்காகவே எடுக்கப்படும். பெட்டி முதலில் நகரத்து ஏ சென்டருக்குப் போகும். சில வாரங்கள் கழித்து பி, பிறகு சி. நாகர்கோவிலில் ஓடி முடித்த படம் தக்கலைக்கும் குளச்சலுக்கும் கருங்கலுக்கும் இறங்கிவரும். ஒரு படத்தின் ஆயுள் மாதக்கணக்கில் நீண்டது அப்படித்தான். 2005-இல் வெளியான 'சந்திரமுகி' சென்னை சாந்தி அரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது அக்காலத்தின் கடைசிக் கொடிகளுள் ஒன்று. அந்தச் சாந்தியே பின்னர் இல்லாமற்போனது.

க்யூப் போன்ற டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம். சிற்றூர் ரசிகருக்கு இது நியாயமான வரவுதான். சென்னைக்காரர் பார்க்கும் அன்றே மார்த்தாண்டத்துக்காரரும் பார்க்கிறார். ஆனால் ஏணியின் எல்லாப் படிகளும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் அது ஏணியாக நீடிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பரவிய வசூல் மூன்று நாட்களுக்குள் குவிந்தது. ஓடிடி வருவதற்கு முன்பே பெரும்படம் 'முதல் வாரப் படம்' ஆகிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. இன்று எல்லாப் பழியும் ஓடிடி மேல் விழுவதால் இதை நினைவூட்டுகிறோம்.

நான்கு வாரக் கணக்கு

திரையரங்குக்கு முன் வீட்டுக்கு என்ற யோசனையைத் தமிழில் துணிந்து முன்வைத்தவர் கமல்ஹாசன். 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை முதலில் டி.டி.எச். வழியாக வெளியிட அவர் திட்டமிட்டார். அரங்கு உரிமையாளர்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. பின் படம் தடையையும் சந்தித்து 2013 பிப்ரவரி 7 அன்றுதான் தமிழக அரங்குகளுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நிலம் அடியோடு மாறியது. 2016-இல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்தன. அதே ஆண்டு ஜியோவின் வரவால் இணைய விலை சரிந்தது. 2020-இல் பெருந்தொற்று அரங்குகளைப் பூட்டியது. மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராகப் பிரைமில் வந்தபோது உரிமையாளர்கள் கொதித்தனர். நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தபோது அவர்களால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

2021 ஜனவரி 13 அன்று, பாதி இருக்கைகளுக்கே அனுமதி என்ற நிலையில் வெளியான 'மாஸ்டர்' அரங்குகளை மீண்டும் நிரப்பியது. பதினாறாம் நாளே, ஜனவரி 29 அன்று, அது பிரைமில் வந்தது. பின்னர் ஏறத்தாழ நான்கு வாரம் என்பது தமிழ்ப்பெரும்படங்களின் வழக்கமாயிற்று. 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியான 'ஜெயிலர்' செப்டம்பர் 7 அன்று ஓடிடியில் இருந்தது. இந்திப் படங்களுக்குப் பெருந்தொடர் அரங்குகள் எட்டு வாரம் கேட்கின்றன. அந்த நிபந்தனைக்கு உட்படாததால் 2023 அக்டோபரில் 'லியோ'வின் இந்திப் பதிப்பு வடநாட்டுத் தொடர் அரங்குகளில் இடம்பெறவில்லை.

நான்குக்கும் எட்டுக்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். விடை பங்கீட்டு முறையில் இருக்கிறது. நட்சத்திரப் படத்தின் முதல் வார வசூலில் எழுபது விழுக்காடும் அதற்கு மேலும் விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் ஏற ஏறத்தான் அரங்கு உரிமையாளரின் பங்கு உயரும். அதாவது கூட்டம் நிரம்பும் வாரம் தயாரிப்பாளருடையது. கூட்டம் மெலியும் வாரமே கொட்டகைக்காரருடையது. இரண்டாம் வார முடிவில் 'இன்னும் பத்து நாளில் வீட்டிலேயே பார்க்கலாம்' என்ற எண்ணம் குடும்பங்களில் தோன்றிவிட்டால், வெட்டுப்படுவது கொட்டகைக்காரரின் வாரம். ஆக, பெரும்படத்தின் மொத்த வசூலை ஓடிடி பெரிதாகக் குறைக்காமலிருந்தும், அந்த வசூல் யாருக்குப் போகிறது என்பதை அது மாற்றிவிடுகிறது. நாம் வசூல் எண்களைப் படிக்கையில் தவறவிடும் இடம் இதுவே.

பெருந்திரையின் வரவும் வரம்பும்

மறுமுனையில் பெருந்திரை. 2023-இல் வெளியான 'ஓப்பன்ஹைமர்' உலக வசூலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐமேக்ஸ் திரைகளிலிருந்து வந்தது. 70 எம்.எம். ஐமேக்ஸ் படச்சுருளில் அதைக் காட்டிய அரங்குகள் உலகெங்கும் முப்பது மட்டுமே. அவற்றைத் தேடி மக்கள் ஊர்விட்டு ஊர் சென்றனர். திரைகள் சில, விலை அதிகம், வரவு பெரிது என்பதே இதன் பொருளாதாரம்.

தமிழகத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அனுமதிச்சீட்டு விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்து வருவது. 2017 அக்டோபரில் பன்முகத்திரை அரங்குகளுக்கு அடிப்படை உச்ச விலை 150 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. விலை ஏற இடமில்லாத ஊரில், பெரும்படம் வசூலைப் பெருக்குவதற்கு இருக்கைகளும் காட்சிகளும்தான் வழி. எனவேதான் ஒரு நட்சத்திரப் படம் வரும்போது ஊரிலுள்ள எல்லாத் திரைகளும் அதற்கே போகின்றன. அதிகாலைக் காட்சிக்கு அத்தனை போராட்டம் நடக்கிறது. 'லியோ'வுக்குத் தமிழகத்தில் காலை ஒன்பது மணிக்கு முன் அனுமதி இல்லை. கேரளத்தில் நான்கு மணிக்கே காட்சி. எல்லையோரத்து ரசிகர்கள் இருளிலேயே அக்கரைக்குப் போய்ப் பார்த்தனர். களியக்காவிளைக்கு அப்பால் போகும் ஒவ்வொரு சீட்டும் டி.கே. ஏரியாவின் கணக்கில் சேராத சீட்டு.

முதல் முறையாக ஐமேக்ஸில் வெளியான தமிழ்ப்படம் 2022 செப்டம்பர் 30-இல் வந்த 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950-களில் வாரந்தோறும் தந்த கதை, குடும்பம் குடும்பமாக அரங்குக்கு ஆள் சேர்த்தது. அதற்கு வசனம் எழுதியவர் நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன். ஆனால் அவருடைய ஊர்க்காரர் எவரும் அதைத் தம் மாவட்டத்தில் ஐமேக்ஸ் திரையில் கண்டிருக்க இயலாது. பெருந்திரை தன் பார்வையாளரைப் பெருநகரத்துக்கு அழைக்கிறது. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் பொழுதும் உள்ளவரே அங்கே போகமுடியும்.

என்ன பணயத்தில் இருக்கிறது

ஓடிடியில் கிடைப்பதாலேயே ஒரு படத்தின் அரங்க வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்றுண்டு. தொலைக்காட்சியில் எண்ணற்ற முறை வந்துவிட்ட 2004-இன் 'கில்லி', 2024 ஏப்ரல் 20 அன்று மறுவெளியீடு கண்டபோது அரங்குகள் திருவிழாவாயின. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', மொழிமாற்றம் இன்றியே தமிழகம் முழுதும் வாரக்கணக்கில் ஓடியது. அதற்குப் பெரிய நட்சத்திரமோ ஐமேக்ஸோ தேவைப்படவில்லை. பார்த்தவர் சொல்லப் பார்க்காதவர் போனார். கூடியிருந்து பார்க்கும் விருப்பம் மக்களிடம் வற்றவில்லை என்பதே இவற்றின் பாடம்.

ஆனால் 'பார்த்தவர் சொல்ல' என்பதற்கு நாள் வேண்டும். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002-இல் 'சொல்ல மறந்த கதை' ஆனது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2009-இன் 'நான் கடவுள்' படத்துக்கு அடித்தளம். இத்தகைய படங்கள் முதல் மூன்று நாளில் கொட்டிக் குவிப்பவை அல்ல. சொல் பரவி, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தம் ஆளைக் கண்டடைபவை. அந்த வாரங்களே மறையுமானால் அவற்றுக்கு எஞ்சுவது ஓடிடி. ஓடிடி நிறுவனங்களும் பெருந்தொற்றுக் காலத்தின் தாராளத்தைக் குறைத்துக்கொண்டு, அரங்கில் ஓடியதா என்று பார்த்தே விலை பேசுகின்றன. சிறுபடத்துக்கு இரு வாசலும் ஒன்றையொன்று காரணம் காட்டிச் சாத்தப்படுகின்றன.

ஆதலின், நம் பார்வையில், ஐமேக்ஸ் வேண்டுமா ஓடிடி வேண்டுமா என்ற வாதம் பெருநகரத்தின் வாதம். இரண்டும் இருக்கட்டும், பெரும்படம் இரண்டாலும் வாழும். டி.கே. ஏரியாவில் கேட்கவேண்டிய கேள்வி மூன்றாம் வாரத்தைப் பற்றியது. இடைவெளியை ஆறு அல்லது எட்டு வாரமாக்குவதும், ஒரே படத்துக்கு எல்லாத் திரைகளையும் கொடுக்காமல் ஒன்றையேனும் விட்டுவைப்பதும், பெரிய மூலதனம் கேட்காத தீர்வுகள். தம் அரங்கை இரண்டு மூன்று சிறு திரைகளாகப் பிரித்துப் புது ஒலியும் நல்ல இருக்கையும் அமைத்த சிற்றூர் உரிமையாளர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். இனித் தேவைப்படுவது, அந்தத் திரைகளில் ஒரு படம் தன் பார்வையாளர் வந்து சேரும் வரை காத்திருப்பதற்கான நாட்கள். அவற்றைத் தரவேண்டியவர்கள் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும், கேட்கவேண்டியவர்கள் நாம்.