நட்டும் மரையும்: ஒரு விளையாட்டை முன்வைத்து

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், அக்காள் மகன் தன் கணினியில் ஒரு காரைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தான். போலந்தின் ரெட் டாட் கேம்ஸ் உருவாக்கிய ‘கார் மெக்கானிக் சிமுலேட்டர்’. 2014இல் வந்து, பிறகு 2015, 2018, 2021 எனப் பதிப்புகள் கண்டது. சுட்டியை அழுத்திப் பிடித்தால் நட்டு தானே சுழன்று கழன்றுவிடுகிறது. சோதித்த பாகத்தின் தேய்மானம் விழுக்காட்டில் தெரிகிறது. “இன்ஜினையே இறக்கிட்டேன் மாமா” என்றான். கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

அம்பாசடர் காரின் உற்பத்தி நின்றதும் அதே 2014இல்தான் என்பது தற்செயல். 1958 முதல் நம் பட்டறைகளுக்குப் பாடநூலாக இருந்த வண்டி அது.

பிரித்துக் கற்றல் நம்மிடையே பழைய கதை. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். பின்னாளில் தொழிற்கல்வி நிலையம் கண்டபோது, பொறியியல் படிப்பை ஆண்டுக்கணக்கில் இழுப்பது வீண் என்று வாதிட்டார். இதை மேதைமையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த வண்டி அவருடையது, கெடுத்திருந்தாலும் கேட்பாரில்லை.

பட்டறைப் பையன்களுக்கு அந்த உரிமை வாய்த்ததில்லை. மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவதும், “டேய், 12-13 எடு” என்ற குரலுக்கு ஓடுவதுமாகவே முதல் ஆண்டுகள் கழியும். சிறுவயதில் நான் போய் நின்று வேடிக்கை பார்த்த ஒரு பட்டறையில், பதினொரு வயதுப் பையன் ஒருவன் துருப்பிடித்த போல்ட்டை வேகமாக முறுக்கினான். தலை ஒடிந்து கையோடு வந்தது. உடல் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. ஸ்பானராலேயே அடி விழுந்தது. இறுகிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட வேண்டும், சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும், மரை இளகும் அந்தக் கணத்தை மணிக்கட்டு உணர வேண்டும் என்பதை அவன் அன்று கற்றிருப்பான். (பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பொதுவாக எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்ற சட்டத் திருத்தம் 2016இல்தான் வந்தது.) அவன் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதுமில்லை.

ஆகவே விளையாட்டை எளிதில் பழிக்க மனம் வரவில்லை. நாயுடுவுக்குக் கிடைத்த சுதந்திரத்தை அது எவருக்கும் தருகிறது. பாகங்களின் பெயரையும் எது கழன்றால் எது வரும் என்ற வரிசையையும் அடியின்றிச் சொல்லித் தருகிறது. ஆனால் அங்கே போல்ட் ஒடிவதில்லை, மரை போவதில்லை. பின்லாந்திலிருந்து 2016இல் வந்த ‘மை சம்மர் கார்’ சற்றுக் கடுமையானது. ஸ்பானர் அளவு பொருந்தாவிட்டால் நட்டு நகராது, ஒன்றை முடுக்க மறந்தால் ஓட்டத்தில் பாகம் கழன்று விழும். அதிலும் விரல் நசுங்குவதில்லை.

கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, கண்மூடி இன்ஜினின் ஓசையைக் கேட்கும் மெக்கானிக்கை இனி அதிகம் காண இயலாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஓசையை அளந்த காதின் இடத்தில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. பட்டறையே மெல்ல விளையாட்டைப் போலாகிவருகிறது என்றும் சொல்லலாம்.

ஊர் திரும்புமுன் என் பழைய ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மருமகன் கையில் கொடுத்தேன். கரி படிந்த முனைக்கு மேலே வெள்ளைப் பீங்கான். பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், அதை மட்டும் உடனே அடையாளம் கண்டுகொண்டான். உப்புத்தாளால் முனையைத் தேய்க்கச் சொன்னேன். சிறிது நேரம் தேய்த்துவிட்டு நிமிர்ந்து, “இப்ப எத்தனை பர்சென்ட் மாமா?” என்றான்.