கொழுந்தின் ஈரமும் லயத்தின் ஈரமும்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் அன்றாட வாழ்வோடு மூன்று இலைகள் நெருங்கிய தொடர்புடையன. வாயில் மெல்லும் வெற்றிலை ஒன்று. அதனோடு சேர்த்து மெல்வதும் சுருட்டாகப் புகைப்பதுமான புகையிலை மற்றொன்று. பறித்தும் பதப்படுத்தியும் வயிறு வளர்க்கும் தேயிலை மூன்றாவது. இம்மூன்றும் செடியினின்று பிரிந்த பின்னர், எவ்வளவு ஈரத்துடன் வைத்திருக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே பயன் பெறுகின்றன. வெற்றிலை வாடலாகாது. புகையிலை காய்ந்து நொறுங்கவும் கூடாது, ஈரித்துப் பூஞ்சணம் பிடிக்கவும் கூடாது. தேயிலையோ முழுமையாக உலர்ந்து, உலர்ந்த நிலையிலேயே காக்கப்பட வேண்டும். இலையின் ஈரத்தை ஆளும் இக்கலை மலைநாட்டில் வளர்ந்த வரலாறு, தொழில்நுட்ப வரலாறு மட்டுமன்று. அஃது ஒரு சமூக வரலாறும் ஆகும்.

புகையிலையை முதலில் நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளைந்த புகையிலை, குடில்களில் தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகைபோடப்பட்டுப் பக்குவமாயிற்று. அதிலிருந்து சுற்றப்பட்ட சுருட்டு தென்னிலங்கைக்கும் மலைநாட்டு நகரங்களுக்கும் சென்றது. யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகள் அந்நகரங்களில் நன்கு அறியப்பட்டவையாய் இருந்தன. 'சுருட்டு' என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சுருட்டினைக் கெடாது வைத்திருப்பதற்குச் சூழவுள்ள வளியின் சாரீரப்பதன் ஏறத்தாழ 70 சதவீதமாக இருத்தல் உகந்தது என்பர். அதனினும் மிகக் குறைந்தால் மேலிலை வெடிக்கும், புகை காரமாகும். மிகக் கூடினால் நெருப்பு நின்று பிடியாது. நாளடைவில் பூஞ்சணம் படரும். வறண்ட குடாநாட்டில் காய்ச்சலுக்கு அஞ்சிய வணிகன், மழையும் பனியும் மிக்க மலைநாட்டில் ஈரத்துக்கு அஞ்ச வேண்டியவனானான். இலை ஒன்றே, இடம் மாறியபோது இடரும் மாறியது.

சுருட்டுக் கடைக்காரன் தன் சிறு பெட்டிக்குள் எதிர்கொண்ட இதே சிக்கலைத் தேயிலைத் துரைமார் மலையளவிற்கு எதிர்கொண்டனர். நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. தென்மேல் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மோதி அட்டன், தலவாக்கலைப் பகுதிகளை மாதக்கணக்கில் நனைக்கின்றது. இவ்வீரமே செடியைத் தழைக்கச் செய்வது. இவ்வீரமே பறித்த கொழுந்தைக் கெடுக்க வல்லதும் ஆகும்.

மலைநாட்டின் முதற் பெருந்தோட்டப் பயிரான கோப்பியின் அழிவிலும் ஈரத்திற்குப் பங்குண்டு. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் சில ஆண்டுகளுள் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதனை ஆராயவென 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர், அந்நோய் ஒரு பங்கசினால் விளைவது என்றும், அதன் வித்திகள் இலைமேல் தங்கும் நீரில் முளைக்கின்றன என்றும் விளக்கினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது.

இலங்கையின் தேயிலைத் தொழிலைத் தொடக்கி வைத்தவர் எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலர், கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் 'ஆலை' அவரது பங்களாவின் விறாந்தையே. மேசைமேல் கையால் உருட்டப்பட்ட கொழுந்து கரி அடுப்புகளின் மேல் உலர்த்தப்பட்டது. 1873இல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் அளவில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. இக்காலகட்டத்தில் ஈரத்தை அளந்தவை மனிதரின் கண்ணும் விரலும் மூக்குமே. அவ்விரல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் விரல்கள் என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு அழுத்திக் கூறுவதில்லை.

விறாந்தை வேலை விரைவில் ஆலைத் தொழிலாயிற்று. கோப்பிக் காலத்திலிருந்து 'ஸ்டோர்' எனத் தொழிலாளர் வழங்கிய கட்டிடம், தேயிலைக் காலத்தில் மூன்று நான்கு மாடிகள் கொண்டதாய், நாற்புறமும் வரிசை வரிசையான யன்னல்களோடு உயர்ந்தது. அந்த யன்னல்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. அன்று பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாமல் நீர் உண்டு. உருட்டுவதற்கு முன் அது ஏறத்தாழ 55 பங்கிற்குக் குறைய வேண்டும். இதுவே வாட்டல் எனப்படும். மேல் மாடிகளில் சணற் சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்து மெல்லிதாகப் பரப்பப்பட்டது. வெயில் நாட்களில் யன்னல்கள் திறக்கப்பட்டன; மழை நாட்களில் அவை அடைக்கப்பட்டு, கீழ்த்தளத்து அடுப்புகளின் சூடேறிய வளி விசிறிகளால் மேலே செலுத்தப்பட்டது. எனவே ஸ்டோர் என்பது கொழுந்துக்கெனத் தனியே ஒரு காலநிலையைப் படைத்துக்கொடுத்த கட்டிடம் எனலாம்.

அக்காலநிலை உய்த்துணர்வுக்கு விடப்படவில்லை, கருவிகொண்டு அளக்கப்பட்டது. உலர்குமிழ், ஈரக்குமிழ் என்னும் இரு வெப்பமானிகள் ஆலைகளில் தொங்கவிடப்பட்டன. இரண்டின் வாசிப்புகளுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் வளி வறண்டது, குறைந்தால் ஈரமானது. வேறுபாடு குறையும் நாளில் 'டீமேக்கர்' சூட்டு வளியைத் திறப்பார். உருட்டிய இலை ஒட்சியேற்றம் பெற்றுச் செம்பு நிறமடையும் அறையிலோ நிலைமை நேர்மாறு. அங்கு வளி குளிர்ச்சியாகவும் ஈரம் நிறைந்ததாகவும் இருக்க வேண்டுமாதலின், சாரீரப்பதனை 95 சதவீதத்தளவிற்கு உயர்த்த நீர் நுண்டுளிகளாகத் தெளிக்கப்பட்டது. அடுத்து உலர்த்தி. அசாமின் கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டக்காரராய் இருந்த சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ற் நகரில் உருவாக்கிய உலர்த்தி, பாலைவன வெப்பக் காற்றின் பெயரால் 'சிரொக்கோ' எனப் பெற்றது. 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வளியில் இருபது நிமிட அளவில் இலையின் ஈரம் மூன்று சதவீதமாகச் சுருங்கும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகும். மீதமெல்லாம் மலைக்காற்றோடு கலந்துவிட்ட நீர்.

உலர்ந்த தேயிலையும் சும்மா இராது. சூழவுள்ள ஈரத்தை அது மீண்டும் உறிஞ்சும்; அயலிலுள்ள மணத்தையும் உறிஞ்சும். ஆதலின், உள்ளே ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத்தாளும் பொருத்திய மரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டே அது கடல் கடந்தது. இவ்வறிவையெல்லாம் முறைப்படுத்தவென 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, 1929இல் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1946இல் ஈரமான காலநிலையில் பரவும் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, செம்பு கலந்த மருந்து தெளித்துச் செடியைக் காக்கும் வழி காணப்பட்டது. கோப்பிக்குக் கிடைக்காத பாதுகாப்புத் தேயிலைக்குக் கிடைத்தது.

இதுவரை கூறப்பட்டது ஸ்டோருக்குள் நிகழ்ந்த வரலாறு. அதே நீர் ஸ்டோருக்கு வெளியே எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மழை நாளில் தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்குமாக நின்று பெண் பறிக்கும் கொழுந்தில் மழைநீர் ஒட்டியிருக்கும். நிறுவைக்கு வரும்போது அந்நீருக்கென்றும் கூடைக்கென்றும் ஒரு நிறை கழிக்கப்படும். நீருக்குக் கூலி கொடுக்க இயலாதென்பது நிருவாகத்தின் நியாயம். அந்நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நீர் எவ்வளவு என்பதை அளந்தவர் யார்? ஸ்டோருக்குள் வளியின் ஈரத்தைக் கூறும் கருவி தொங்கியது. நிறுவைக் கொட்டிலிலோ கழிவு பெரும்பாலும் கண்மதிப்பாகவே முடிவாயிற்று. நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறை குறித்துவைக்கப்பட்டிருந்த நிலையில், கழித்த சில கிலோவினால் முழுப்பேர் அரைப்பேர் ஆவதும் உண்டு. ஒரு துளி ஈரம் மிகுந்தாலும் தேயிலையின் விலை குறையும் என்பதை நன்கு அறிந்திருந்த அமைப்பு, கழிவு ஒரு கிலோ மிகுந்தால் ஒரு குடும்பத்தின் உலை குறையும் என்பதை அறிய முற்படவில்லை. தொழிற்சங்கங்கள் நிறுவைக் கழிவைக் காலந்தோறும் எதிர்த்து வந்தமைக்குக் காரணம் இதுவே.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பெண் திரும்பிச் சென்றது லயத்திற்கு. நீண்ட ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்தும், பல இடங்களில் முதுகுக்கு முதுகாகவும் கட்டப்பட்ட காம்பராக்களின் வழமையான அளவு 12 அடி நீளம், 10 அடி அகலம். முதுகொட்டிய லயத்தில் பின்புற யன்னலுக்கே இடமில்லை. வளி ஊடுருவிச் செல்ல வழியில்லை. சமையலும் உறக்கமும் அச்சிறு எல்லைக்குள். நனைந்த கம்பளியை உலர்த்தும் அடுப்பின் புகையே குழந்தையும் சுவாசிக்கும் வளி. கொழுந்துக்கு நாற்புறமும் யன்னல் வைத்த அதே கட்டிடக்கலை மனிதருக்கு ஒரு புறம் மட்டும் வாசல் வைத்தது.

ஈரத்தின் தீங்கு மனித உடலைத் தாக்கியபோதும் கவனம் மெல்லவே வந்தது. ஈர மண்ணில் வாழ்ந்து வெறுங்காலின் வழியே உட்புகும் கொழுக்கிப்புழு தோட்டங்களில் மிகுந்திருந்தது. அதற்கெதிரான பேரியக்கம் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மருந்தும் மலசலகூடமும் தோட்டங்களில் வலியுறுத்தப்பட்டமைக்கு, சோகை பிடித்த உடலால் உழைப்புக் குறைகின்றது என்னும் கணக்கும் ஒரு காரணமாய் இருந்தது. இங்கும் மனிதன் இலையின் வழியாகவே நோக்கப்பட்டான்.

அறிவின்மையால் இவ்வாறு நேர்ந்தது எனக் கூறுவார் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. ஈரம், வெப்பம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் விருப்பப்படி ஆளும் அறிவு அதே தோட்டத்தில், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்தது. குறைந்திருந்தது அறிவன்று, அவ்வறிவு யாருக்கென்னும் எண்ணமே. விற்பனைக்குரிய பொருளின் ஈரம் செலவுக் கணக்கில் ஏறியது. அதனை உண்டாக்கியவரின் ஈரம் எக்கணக்கிலும் ஏறவில்லை.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. வாட்டு மாடிகளின் தட்டுகளுக்குப் பதிலாக விசிறி பொருத்திய தொட்டிகள் பரவின. மரப் பெட்டியின் இடத்தைக் கடதாசிச் சாக்குகள் பிடித்தன. லயத்திற்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டமும் எழுந்தது. 4,000 வீடுகளைக் கட்டித்தர முன்வந்த இந்திய அரசு, 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. மாற்றம் வந்துள்ளது, எனினும் இலையைத் தேடி விரைந்து வந்த மாற்றம் மனிதரைத் தேடிப் பிந்தியே வந்தது என்பதை ஆண்டுகளே உணர்த்துகின்றன.

மலைநாட்டு ஸ்டோர்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகவும் காட்சியகங்களாகவும் மாறியுள்ளன. அவற்றின் யன்னல் வரிசைகளைக் கண்டு வியப்பவர் பலர். வியக்கத்தக்க திறமையே அது. ஆயினும் மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர், ஸ்டோரின் யன்னல்களை எண்ணும்போது லயத்தின் யன்னல்களையும் எண்ணுதல் வேண்டும். அவ்விரு எண்ணிக்கைகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே தேயிலையின் முழு விலை புலனாகும்.