எந்த வருஷத்து டிராக்டர்?

பழைய டிராக்டர் ஒன்று கையில் கிடைக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே பெயின்ட், போல்ட் வரை மீட்க வேண்டும் என்பது ஒரு கட்சி. என் வண்டி, என் இஷ்டப்படி மாற்றுவேன் என்பது எதிர்க்கட்சி. உலகம் பூராவும் இதே சண்டைதான்.

ஃபெர்குசன் டிஇ-20 கதையைப் பாருங்கள். 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்த குட்டி டிராக்டர். பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. வயலில் உழ வேண்டிய இதை, எவரெஸ்ட் புகழ் எட்மண்ட் ஹில்லாரி அண்டார்டிகாவுக்கே கொண்டுபோய்விட்டார்! பனியில் சிக்காமலிருக்கச் சக்கரங்களைச் சுற்றி, ராணுவ டாங்கி மாதிரி பட்டை. குளிருக்குக் கேன்வாஸ் மறைப்பு. 1958 ஜனவரி 4 அன்று மூன்று டிராக்டர்கள் தென்துருவத்தில் போய் நின்றன.

அவற்றை ‘ஒரிஜினலாக’ மீட்கிறேன் என்று பட்டையைக் கழற்றினால் என்ன மிஞ்சும்? ஐந்து லட்சத்தில் ஒன்று. அவ்வளவுதான்.

ஃபெர்குசன் வம்சம் இங்கேயும் உண்டு. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. ஆலங்குளத்துக் கரிசல் ஒன்று கேட்கும், தஞ்சாவூர் சேறு வேறொன்று கேட்கும். சேற்றில் இறங்க கேஜ் வீல் மாட்டினார்களே, அதுவும் சரித்திரம்தான்.

ஆகவே, ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி. பழைய மாற்றம் வேலைக்காக வந்ததா, வேடிக்கைக்கா? வேலைக்காக என்றால் கை வைக்காதீர்கள். நீங்களே புதிதாக மாற்றுகிறீர்களா? தாராளமாக. கழற்றிய பாகத்தை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒருவர் தேடி வருவார்.