ஃபுகாஸி

ஃபுகாஸி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987இல் மேடையேறிய நால்வர் ராக் இசைக்குழு. இயன் மெக்கை, கய் பிச்சியோட்டோ இருவரும் பாடினார்கள், கிதாரும் வாசித்தார்கள். பேஸ் கிதார் ஜோ லாலி, டிரம்ஸ் பிரெண்டன் கேன்டி.

கதை 1980இலேயே தொடங்கிவிடுகிறது. மெக்கை இருந்த ‘டீன் ஐடில்ஸ்’ என்ற பங்க் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த பணத்தை அந்தப் பையன்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. ஒரு சிறிய இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதற்காக மெக்கையும் ஜெஃப் நெல்சனும் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். தட்டின் உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஃபுகாஸியின் ஆல்பங்கள் அனைத்தும் இந்த டிஸ்கார்டிலிருந்தே வந்தன.

முதல் முழு நீள ஆல்பம் ‘ரிப்பீட்டர்’ (1990). இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக, அடியில் ரெகே சாயலுடன் லாலியின் பேஸ் நகரும். அந்த ஆல்பத்துக்கு முன்பே வெளியான ‘வெயிட்டிங் ரூம்’ பாட்டு தொடங்கிய சற்று நேரத்திலேயே எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். சில நொடி நிசப்தத்துக்குப் பிறகே மறுபடி தொடங்கும். அந்த நிசப்தத்தை முதல்முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இசைக்கு இணையாகப் பேசப்படுவது அவர்கள் பணத்தைக் கையாண்ட விதம். கச்சேரி டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதினரும் உள்ளே வரலாம். மேலாளர் கிடையாது, கச்சேரிகளை மெக்கையே ஏற்பாடு செய்தார். பெயர் போட்ட டி-ஷர்ட்டும் விற்கவில்லை. மேலாளர் இல்லாத சிக்கனம் டிக்கெட் விலை ஏறாமல் இருக்க உதவியது. கூட்டத்தில் யாராவது பிறரை இடித்து அடித்தால் பாட்டை நிறுத்திக் கண்டிப்பார்கள். கேட்காதவரிடம் 5 டாலரைக் கவரில் போட்டுக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். விளையாட்டாகச் செய்ததல்ல இது. முன்வரிசையில் நிற்கும் சிறுவர்களும் பெண்களும் அடிபடாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் அக்கறை. 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் தொடங்கவிருந்த நாட்களில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் போரை எதிர்த்து வாசித்தார்கள்.

நிர்வாணா குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி அலைந்தன. ஃபுகாஸி அசையவில்லை. ‘இன் ஆன் த கில் டேக்கர்’ (1993) ஆல்பத்துக்காக ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியுடன் செய்த பதிவு திருப்தி தராததால், எல்லாவற்றையும் ஊரிலேயே புதிதாகப் பதிவுசெய்தார்கள். ‘ரெட் மெடிசின்’ (1995), ‘எண்ட் ஹிட்ஸ்’ (1998) தொடர்ந்தன. இவர்களைப் பற்றி ஜெம் கோஹன் எடுத்த ஆவணப்படம் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ 1999இல் வந்தது. ‘தி ஆர்க்யுமென்ட்’ (2001) கடைசி ஆல்பம். அதுவே அவர்களின் மிக நுட்பமான படைப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததோடு கச்சேரிகள் நின்றன. குழு கலைந்ததாக அறிவிக்கவில்லை. 2011 முதல், ஒலிப்பதிவாகியிருந்த 800க்கும் மேற்பட்ட கச்சேரிகளை டிஸ்கார்ட் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. ஒரு கச்சேரிக்குப் பரிந்துரைத்த விலை, அதே 5 டாலர்.