பிறப்புரிமையியல் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்

குருதி, இழையம் முதலிய மாதிரிகளைப் பெற்றுப் பதிவதிலிருந்து, அவற்றிலுள்ள நிறமூர்த்தங்களையும் டீ.என்.ஏ.யையும் பிரித்தெடுத்து ஆராய்ச்சியாளரின் பார்வைக்கு ஆயத்தமாக்குவதுவரையான கைவேலையைப் பொறுப்பேற்றுச் செய்பவர் பல்கலைக்கழகப் பிறப்புரிமையியல் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆவார். நிரந்தர ஆளணியைச் சேர்ந்த இவருடன், ஆராய்ச்சி மானியக் காலம் முடியும்வரை மட்டும் நியமனம் பெறும் ஆய்வு உதவியாளரும் இதே வேலையைச் செய்வதுண்டு. அரச மருத்துவமனைகளின் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் வேறு வகுப்பினர். அவர்களுக்குப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பயிற்சிப் பாடசாலை உண்டு.

கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்த கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கின்சி வீதியில் இருக்கிறது. அங்கு 1983இல் பேராசிரியர் றொஹான் ஜயசேகர நிறுவிய மனிதப் பிறப்புரிமையியல் அலகே இலங்கையில் இத்துறைக்கென எழுந்த முதல் நிலையமாகும். டீ.என்.ஏ. ஆய்வு பரவுவதற்கு முன்னைய அக்காலத்தில் இத்தகைய நிலையங்களின் முதன்மையான வேலை நிறமூர்த்தங்களை எண்ணுவதும் வகைப்படுத்துவதுமாக இருந்தமையால், அக்கலையின் வரலாறே இத்தொழிலின் வரலாறாகவும் அமைகிறது.

மனித உடற்கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதே 1920களிலிருந்து பாடநூல்களில் நிலவிய கருத்து. அதை 46 எனத் திருத்தி ஜோ ஹின் ஜியோவும் அல்பேர்ட் லெவானும் 1956இல் வெளியிட்டனர். அத்திருத்தத்துக்கு வழிசெய்த கண்டுபிடிப்பு பெயர் தெரியாத ஓர் ஆய்வுகூட ஊழியரின் கையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கல்வெஸ்டன் நகரில் ற்றி. சி. சூ என்பவரின் ஆய்வுகூடத்தில் யாரோ ஒருவர் உப்புக்கரைசலைத் தவறுதலாக நீர்த்துக் கலந்துவிட, கலங்கள் நீரை உறிஞ்சி வீங்கி, ஒன்றன்மேலொன்று குவிந்துகிடந்த நிறமூர்த்தங்கள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. சூ அம்முறையை 1952இல் வெளியிட்டார். கரைசலைக் கலந்தவர் யாரென்பதை அவராலும் அறிய முடியவில்லை. டவுன் கூட்டறிகுறிக்குக் காரணமான மேலதிக 21ஆம் நிறமூர்த்தத்தைப் பாரிசில் தாமே அமைத்த கலவளர்ப்புக் கூடத்தில் முதலில் கண்டவர் மார்த்த கோத்தியே என்னும் பெண் மருத்துவர். கலவளர்ப்பை அவர் அமெரிக்காவில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப ஊழியராக இருந்தே கற்றிருந்தார். ஆயினும் 1959இல் வெளிவந்த கட்டுரையில் சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூனின் பெயர் முன்னும், கோத்தியேயின் பெயர் எழுத்துப்பிழையோடு பின்னுமாக அச்சாயின.

குருதியிலிருந்து நிறமூர்த்தங்களைப் பெறும் முறை 1960இல் மூர்ஹெட், நோவெல் முதலியோரால் வகுக்கப்பட்டது. உறையாதிருக்க ஹெப்பாரின் இட்ட குருதியின் சில துளிகள் வளர்ப்பூடகத்தில் விடப்பட்டு, போஞ்சி விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தால் வெண்குருதிக்கலங்கள் பிரியத் தூண்டப்பட்டு, 37 பாகை செல்சியசில் 72 மணிநேரம் வைக்கப்படுகின்றன. இறுதிக் கட்டத்தில் சேர்க்கப்படும் கொல்சிசின், ஈழத்து வேலிகளில் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் உள்ள நஞ்சாகும். அது கலப்பிரிவுக் கதிர் உருவாகாமல் தடுத்து, நிறமூர்த்தங்கள் நன்கு சுருங்கித் தெளிவாகத் தெரியும் அனுவவத்தையில் கலங்களை நிறுத்துகிறது. அதன்பின் ஐதான பொற்றாசியங்குளோரைட்டுக் கரைசலில் கலங்களை வீங்கச்செய்து, மூன்று பங்கு மெதனோலும் ஒரு பங்கு அசற்றிக்கமிலமும் சேர்ந்த கலவையில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் துளிதுளியாக விழவிடுவர். திரிப்சின் நொதியத்தால் சிறிது நேரம் பதப்படுத்திச் சாயமிட்டால் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தனக்குரிய பட்டைகளோடு தோன்றும்.

இங்கேதான் கைத்தேர்ச்சி தெரியவரும். திரிப்சின் சில வினாடி கூடினால் பட்டைகள் அழிந்துபோகும்; குறைந்தால் அவை எழமாட்டா. காற்றின் ஈரப்பதன் மிகுந்தால் தகடு மெதுவாகக் காய்ந்து நிறமூர்த்தங்கள் அளவுக்கு மீறி விரிந்து, அயற்கலத்தினவற்றோடு கலந்துவிடக்கூடும். ஆகவே குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறை நேரங்களை அப்படியே பின்பற்றாமல் கொழும்பின் காற்றுக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை இட்ட வளர்ப்பு ஞாயிற்றுக்கிழமையே முதிரும் என்பதால் வேலைநாட்களின் ஒழுங்கைக் கலங்களே தீர்மானிக்கின்றன.

ஆராய்ச்சிக்கு மாதிரி தருவோருக்கான விளக்கப் படிவமும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருத்தல் வேண்டும். எனினும், வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ குழந்தையோடு வரும் பெற்றோருக்குப் படிவத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. குருதி எதற்கு, முடிவு ஏன் தாமதமாகும் என்பதைத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவர் அங்கு இருப்பது மிக இன்றியமையாதது. தமிழ் மொழிமூலம் உயர்தரம் கற்று, பின்னர் ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள்.

பீ.சீ.ஆர்., டீ.என்.ஏ. வரிசையறிதல் ஆகியவை இன்று அன்றாடப் பணிகளாகிவிட்டன; குமாரதுங்க முனிதாச மாவத்தையிலுள்ள உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்ப நிறுவகமும் இத்துறையில் இயங்குகிறது. நொதியங்களை மறை 20 பாகையில் பேண வேண்டிய இத்தொழிலுக்கு, நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட 2022 மார்ச்சு இறுதி கடுமையான காலமாகும். மானியத்தோடு முடிந்துவிடும் குறுகியகால நியமனமே இத்துறையின் பெருங்குறை; ஆண்டுக்கணக்கில் பழகிவரும் கைத்தேர்ச்சியை நிறுவனம் அதனால் இழக்கிறது. முறையைச் செப்பனிட்டவரின் பெயரை நன்றியுரையோடு நிறுத்தாமல் ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதே நியாயமாகும்.